மத்தியானம் தீபாவளி விருந்து, அதுவரைக்கும் வீட்ல இருக்கவங்களுக்கு என்ன போடுறது?

மொத தடவையா வீட்ல தீபாவளி விருந்து வைக்கிறவங்க எல்லாரும் கறி எத்தனை கிலோ, பாயாசத்துக்கு பால் எத்தனை லிட்டர்னு தான் கணக்கு போட்டுட்டு இருப்பாங்க. முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி பையோட வந்து நிக்கிற சொந்தக்காரங்களுக்கு என்ன போடுறது, விடியக்காலைல எண்ணெய் தேய்ச்சு குளிச்சிட்டு கொலைப்பசியோட சுத்துறவங்களுக்கு என்ன போடுறதுன்னு பெரும்பாலும் யாரும் யோசிக்கிறது இல்ல. அப்புறம் என்ன ஆகும்னா முறுக்கு டப்பா ஒண்ணு தெறந்திருக்கும், பக்கத்துல மைசூர்பா தட்டு இருக்கும், போறவர்றவங்க எல்லாம் ஒரு கை எடுத்துக்கிட்டே இருப்பாங்க, ஒன்றரை மணிக்கு இலை போடும்போது ரெண்டு கரண்டி பிரியாணியோட எழுந்துருவாங்க. விடிஞ்சதுல இருந்து அடுப்பு முன்னாடி நின்னவங்களுக்கு அப்ப வர்ற கோவம் இருக்கே, சொல்லி மாளாது.

அதனால விருந்துக்கு முந்தின சாப்பாடு எதுக்குன்னா பலகார டப்பா பக்கம் யாரும் போகாம பாத்துக்கிறதுக்கு தான். பசி அடங்கணும், ஆனா செத்துப்போகக் கூடாது. சமைக்கிறவங்க கையும் அடுப்பும் காலியா இருக்கணும். இந்த ரெண்டும் நடந்தா போதும், ருசில யாரும் மார்க் போட வேண்டாம்.

மொதல்ல எது விருந்துன்னு முடிவு பண்ணுங்க

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பாதி குழப்பம் இங்க தான். நிறைய வீட்ல தீபாவளி அன்னைக்கு காலைல இட்லியும் கறிக்குழம்பும் தான் பெருசு, மத்தியானம் ஏதோ ஒண்ணு. சில வீட்ல மத்தியானம் பிரியாணி. இப்ப புதுசா என்னன்னா ரெண்டையும் பண்றது, காலைல கறிக்குழம்பு மத்தியானம் பிரியாணி, அதெல்லாம் மூணு நாள் லீவு கிடைச்ச வயித்துக்கு தான் தாங்கும். ஒரு நாள்ல ஒரு விருந்து தான். காலைல கறிக்குழம்புன்னா மத்தியானம் ரசம் சோறோட நிறுத்திக்கோங்க. மத்தியானம் பிரியாணின்னா காலைல கறி வாசனையே வரக் கூடாது. நான் இங்க மத்தியானம் ஒன்றரை மணிக்கு விருந்துன்னு வச்சு, 8 பேருக்கு கணக்கு சொல்றேன், உங்க வீட்டு தலைக்கணக்குக்கு கூட்டிக் குறைச்சுக்கோங்க.

அடுத்து வர்றவங்ககிட்ட போன்லயே ஒண்ணு கேட்டு வச்சிடுங்க, யாராவது விரதமான்னு. தீபாவளியும் ஐப்பசி அமாவாசையும் ஒரே நாள்ல வர்ற வருஷம் உண்டு, அப்ப பெரியவங்க கறி மட்டும் இல்ல, வெங்காயம் பூண்டு கூட தொட மாட்டாங்க, கேதாரகௌரி நோன்பு இருக்கவங்க பூஜை முடியற வரைக்கும் ஒண்ணுமே சாப்பிட மாட்டாங்க. அவங்களுக்கு தனியா பெருசா ஒண்ணும் வேண்டாம். பாலும் பழமும் எடுத்து வச்சுட்டு, பூஜை முடிஞ்சதும் கெட்டி அவலை அலசி பத்து நிமிஷம் ஊற வச்சு, துருவின வெல்லம், ஏலக்காய், ஒரு பிடி தேங்காய்ப்பூ போட்டு பிசறிக் குடுத்தா போதும். அடுப்பே தேவையில்ல.

முந்தின நாள் ராத்திரி

என்னைக் கேட்டா ரசம் சோறும் சுட்ட அப்பளமும் தான். பிரயாணம் பண்ணி வந்த வயித்துக்கு இதைவிட நல்லது ஒண்ணு இல்ல, தீபாவளி சமயத்துல பெரும்பாலும் மழை வேற பெஞ்சுக்கிட்டு இருக்கும். சப்பாத்தி குருமா பண்ணாதீங்க. மாவு பிசையணும், தேய்க்கணும், சுடணும், ஒருத்தர் முழுசா அடுப்படியில மாட்டிக்குவாங்க, அதோட அந்த குருமால இருக்க பட்டை கிராம்பு சோம்பு வாசனை தான் மறுநாள் பிரியாணியிலயும் வரப் போகுது. முந்தின ராத்திரியே அதைத் தின்னுட்டா மறுநாள் மூக்குல ஏறாது.

8 பேருக்கு அரிசி ஆளுக்கு கால் கப்னு 2 கப் போதும், வழக்கமா போடுறதை விட இது கம்மி தான், வேணும்னே தான் கம்மி. சோறை நல்லா குழைய விடுங்க, ரசத்துக்கு பொலபொலன்னு இருந்தா நல்லா இருக்காது.

ரசத்துக்கு பெரிய எலுமிச்சம்பழ அளவு புளியை சுடுதண்ணில ஊறப் போட்டு கரைச்சு எடுத்துக்கோங்க. நல்லா பழுத்த தக்காளி 4, கையாலயே பிசைஞ்சு அதுலயே விட்டுடுங்க, மிக்ஸில அடிச்சா ரசம் தக்காளி சூப்பு மாதிரி ஆகிடும். மிளகு 2 டீஸ்பூன், சீரகம் 2 டீஸ்பூன், பூண்டு 10 பல்லு தோலோட, இதை உரல்ல கொரகொரன்னு தட்டுங்க, உரல் இல்லைன்னா மிக்ஸில ரெண்டே சுத்து. மொத்தம் ஒன்றரை லிட்டர் வர்ற மாதிரி தண்ணி. புளி பச்சை வாசனை போற வரைக்கும் மஞ்சத்தூள் உப்பு போட்டு கொதிக்க விட்டுட்டு அப்புறமா தட்டினதைப் போடுங்க, போட்ட பிறகு கொதிக்க விடக் கூடாது. அடுப்பை சிம்ல வச்சு பக்கத்துலயே நில்லுங்க, ஓரத்துல இருந்து வெள்ளையா நுரை கட்டிக்கிட்டு நடுவுக்கு வரும், முழுசா மூடினதும் அணைச்சிட்டு கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடிடுங்க. நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன்ல கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிச்சுக் கொட்டினா முடிஞ்சது. ஒரு ஸ்பூன்னா ஒரு ஸ்பூன் தான்.

அப்பளத்தை பொரிக்காதீங்க, தணல்ல சுடுங்க. இடுக்கியில பிடிச்சு கேஸ் தீ மேல திருப்பித் திருப்பிக் காட்டினா அரை நிமிஷத்துல ஆகிடும், எண்ணெய்ச் சட்டி கழுவுற வேலையும் மிச்சம். கூட ஒரு எலுமிச்சை ஊறுகாய், போதும். பொரியல் எதுவும் வேண்டாம், கேட்டா கூட வேண்டாம்.

ரசம் பிடிக்காத கூட்டம்னா கஞ்சிக்கு போயிடலாம். அரிசி நொய் 2 கப், பாசிப்பருப்பு அரை கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன், பூண்டு 15 பல்லு, தண்ணி 14 கப், பெரிய குக்கர்ல நாலஞ்சு விசில், ஆனா குக்கர்ல பாதிக்கு மேல போகாம பாத்துக்கோங்க, கஞ்சி பொங்கி வால்வுல ஏறிடும். இறக்கின பிறகு உப்பு போட்டு ஒரு கப் ரெண்டாம் தேங்காய்ப்பால் ஊத்தி கலக்குங்க, மொத பால் ஊத்தினா மந்தமாயிடும். நம்ம ஊர் பள்ளிவாசல்ல நோன்பு தொறக்கும்போது பேரிச்சம்பழமும் தண்ணியும் எடுத்துட்டு அடுத்ததா நோன்புக்கஞ்சி தானே குடிக்கிறாங்க, நாள் முழுக்க காஞ்ச வயித்தை பெரிய சாப்பாட்டுக்கு தயார் பண்ண அதைவிட பழக்கப்பட்ட வழி எது. அதுல புதினா, இஞ்சி, சில ஊர்ல கொத்துக்கறி எல்லாம் போடுவாங்க, நீங்க கறியை மட்டும் விட்டுடுங்க.

குழந்தைங்க இருந்தா ஒரு பாக்கெட் அரிசி சேவை வாங்கி வச்சுக்கோங்க. ரசமும் கஞ்சியும் வேணாம்னு அடம் பிடிச்சா கொதிக்கிற தண்ணில போட்டு வடிச்சு, கடுகு தாளிச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா 10 நிமிஷம்.

எல்லாரையும் பத்து மணிக்குள்ள சாப்பிட வச்சு எழுப்பிடுங்க, ஏன்னா காலைல 4 மணிக்கு எழுப்பணும்.

காலைல லேகியம், அப்புறம் தான் இட்லி

எண்ணெய் குளியல் முடிஞ்சதும் வெறும் வயித்துல தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இன்னும் சில சரக்கு சேர்த்து அரைச்சு வெல்லம் நெய் நல்லெண்ணெய் விட்டு கிளறுறது. புதுசா சமைக்கிறவங்க இதை முழுசா பண்ணணும்னு இல்ல, நாட்டு மருந்துக் கடையில லேகியச் சாமானை பொட்டலமாவே கட்டிக் குடுப்பாங்க, பொடியாவும் கிடைக்கும், வாங்கி முந்தின வாரமே கிளறி வச்சிடலாம். ஆளுக்கு நெல்லிக்காய் அளவு, குழந்தைங்களுக்கு அதுல பாதி. மூஞ்சியை சுளிச்சாலும் உள்ள போனதும் சுரீர்னு பசி கிளம்பும், மத்தியானம் சாப்பிடப் போறதுக்கும் இது தான் ஆதாரம்.

இப்ப நேரம் பாருங்க. தமிழ்நாட்டுல 2018ல இருந்து பட்டாசு வெடிக்க காலைல 6 டு 7, ராத்திரி 7 டு 8னு தான் நேரம் குடுக்குறாங்க. அப்ப 6ல இருந்து 7 வரைக்கும் வீட்ல ஒரு ஆள் இருக்காது, எல்லாம் தெருவுல. நீங்க இட்லி ஊத்த வேண்டிய நேரம் அது தான். 7 மணிக்கு கை கழுவிட்டு உள்ள வரும்போது (கந்தகம் இருக்கும், சோப்பு போட்டு தான் கழுவணும், குழந்தைங்களை பக்கத்துல நின்னு கழுவ வைங்க) தட்டுல ஆவி பறக்க இட்லி இருக்கணும். ஏழரைக்கு குடுத்தா ஒன்றரைக்கு சரியா பசிக்கும். ஒன்பதரைக்கு குடுத்தா பசிக்காது. இட்லியை விட நேரம் தான் இங்க முக்கியம், இதை மட்டும் விட்டுடாதீங்க.

ஏன் இட்லின்னா ஆவியில வேகுறது, எண்ணெய் இல்ல. எண்ணெயும் நெய்யும் சேர்ந்த சாப்பாடு வயித்துல இருந்து இறங்க ரொம்ப நேரம் எடுக்கும், அதனால தான் காலைல பூரியோ நெய் வழியற வெண்பொங்கலோ சாப்பிட்டா மத்தியானம் வரைக்கும் கல்லு மாதிரி கிடக்கும். வெண்பொங்கல்ல இன்னொரு தொல்லை, விடியக்காலைல எழுந்து எண்ணெய் தேய்ச்சு குளிச்ச உடம்பு, அதுல பொங்கலும் போனா சோபாவுல சாஞ்ச இடத்துலயே தூங்கிடுவாங்க. எண்ணெய் குளிச்ச அன்னைக்கு பகல்ல தூங்கக் கூடாதுன்னு பெரியவங்க திட்டிக்கிட்டே இருப்பாங்க, திட்டுறவங்களும் தூங்கிடுவாங்க.

மாவு கணக்கு. கடையில வாங்குற ஒரு கிலோ பாக்கெட்ல 18, 20 இட்லி வரும். ஆளுக்கு ரெண்டு, சில பேருக்கு மூணு, அப்ப 8 பேருக்கு ஒன்றரை கிலோ வாங்கினா தாராளம். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மாவுக் கடையில கூட்டம் இருக்கும், தீந்தும் போயிடும், மத்தியானமே வாங்கி பிரிட்ஜ்ல வச்சிடுங்க. வீட்ல அரைக்கிறவங்க மழைக்குளிர்ல மாவு பொங்க லேட்டாகும்ங்கிறதை நினைவுல வச்சு முந்தின நாள் காலைலயே அரைச்சிடுங்க.

தொட்டுக்க தேங்காய்ச் சட்னி வேண்டாம்னு தான் சொல்லுவேன். காலைல எழுந்து தேங்காய் உடைச்சு துருவணும், ஆட்டணும், மத்தியானத்துக்குள்ள புளிச்சும் போகும். தக்காளிச் சட்னியை முந்தின ராத்திரியே பண்ணி வச்சிடலாம், தக்காளி 6, சின்ன வெங்காயம் ரெண்டு கைப்பிடி, வரமிளகாய் 5, ஒரு ஸ்பூன் எண்ணெயில வதக்கி ஆறவிட்டு அரைச்சு பிரிட்ஜ்ல வச்சா காலைல எடுத்து வைக்கிறது மட்டும் தான் வேலை. வெங்காயம் சேர்க்காதவங்களுக்கு இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும். சாம்பார் வேண்டவே வேண்டாம். ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க, சாம்பார் இல்லையான்னு. சிரிச்சிட்டு இன்னொரு கரண்டி சட்னி வைங்க.

பரிமாறும்போது ஒரு சங்கடம் வரும். நம்ம ஊர்ல விருந்தாளிக்கு ரெண்டு இட்லியோட நிறுத்தினா கஞ்சத்தனம்னு பேரு, அதனால நீங்க நிறுத்தாம கேளுங்க, "மாமா இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?" "வேணாம்மா, மத்தியானம் பிரியாணி இருக்குல்ல?" இந்தப் பதில் வரணும்னா அவருக்கு மெனு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அதனால காலைல இட்லி வைக்கும்போதே மத்தியானம் என்ன, எத்தனை மணிக்குன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லிடுங்க. அவங்களே அளவா சாப்பிட்டுக்குவாங்க.

இட்லிக்கு பதிலா இடியாப்பம் பண்ணலாம், பிழியத் தெரிஞ்சா. ரவை உப்புமான்னா மூஞ்சியைத் தூக்குவாங்க, ஆனா அவசரத்துக்கு அதுவும் தப்பில்ல.

சர்க்கரைக்கு மாத்திரை போடுறவங்க

இதை தனியா சொல்லியே ஆகணும். ஒன்றரை மணி விருந்துன்னு நாம சொல்றது நெசத்துல ரெண்டரைக்கு தான் நடக்கும், தம் போட லேட்டாகும், ஒரு சித்தப்பா குடும்பம் டிராபிக்ல மாட்டிக்கும். மத்தவங்களுக்கு அது வெறும் பசி. இன்சுலின் போடுறவங்களுக்கும், சர்க்கரையை இறக்குற சில மாத்திரை போடுறவங்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை 70க்கு கீழ போயிடும், கை நடுங்கும், வேர்க்கும், படபடன்னு வரும், பேச்சு குழறும். அப்படி வந்தா யோசிக்காம 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சோ அரை டம்ளர் ஜூஸோ குடிக்க வச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, நினைவு தப்பி இருந்தா வாயில எதுவும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு தான் போகணும். அந்த நிலைமைக்கே விடாம இருக்கிறது நம்ம கையில இருக்கு. அவங்களுக்கு காலைல ரெண்டு இட்லியோட நிறுத்தாம வழக்கமா சாப்பிடுற அளவே வைங்க, பதினொன்றரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் குடுங்க, கொண்டக்கடலையோ பாசிப்பயறோ, முந்தின ராத்திரி ஊறப் போட்டது. விருந்து அன்னைக்குன்னு மருந்தை தானா கூட்டுறது குறைக்கிறது எல்லாம் வேண்டாம், அது அவங்க டாக்டர் சொல்ற வேலை.

பதினோரு மணி தான் கண்டம்

காலைல எல்லாம் ஒழுங்கா போயிருக்கும், பத்தரைக்கு மேல தான் ஆரம்பிக்கும். பிரியாணி தாளிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் போகும், டிவில பட்டிமன்றம் ஓடும், அக்கம்பக்கத்துல இருந்து பலகாரத் தட்டு வரும், வந்த தட்டை அப்படியே டீபாய்ல வச்சா தீந்துது கதை. வந்ததும் அவங்க முன்னாடியே ஒரு துண்டு வாயில போட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, மிச்சத்தை டப்பாவுக்கு மாத்தி அடுப்படி மேல் ஷெல்புக்கு அனுப்பிடுங்க, தட்டை வெறுந்தட்டா திருப்பாம உங்க பலகாரத்தை வச்சு குடுத்துடுங்க. முறுக்கு டப்பா நாலு மணிக்கு காபியோட தான் இறங்கணும்.

இந்த நேரத்துக்கு குடிக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு குடுத்தா வாய் அடங்கிடும். மழைன்னா நெஞ்செலும்பு சூப்பு. கறி வாங்கும்போதே அரை கிலோ நெஞ்செலும்பு தனியா வெட்டி வாங்கிக்கோங்க, இஞ்சி பூண்டு தட்டினது, சின்ன வெங்காயம், தக்காளி ஒண்ணு, மஞ்சள், உப்பு, ரெண்டு லிட்டர் தண்ணி, குக்கர்ல ஏழெட்டு விசில், இதையும் காலைல 6 மணிக்கே இட்லி வேகும்போது பக்கத்து அடுப்புல முடிச்சிடுங்க, ஏன்னா பத்து மணிக்கு மேல ரெண்டு பர்னரும் உங்களுக்கு சொந்தம் இல்ல, ஒண்ணுல பிரியாணி அண்டா, இன்னொண்ணுல கத்திரிக்காய் தொக்கு. கறி வாசனை காலைல வரக் கூடாதுன்னு மேல சொன்னேன், குக்கரை மூடியே வச்சா பெருசா தெரியாது, தட்டுல வராம இருந்தா சரி. ஆறினதும் மேல மிதக்குற கொழுப்பை கரண்டியால வழிச்சு எடுத்துட்டு பிரிட்ஜ்ல வச்சிடுங்க, குடுக்கும்போது நல்லா கொதிக்க வச்சு மிளகுத்தூள் தூவி டீ டம்ளர்ல முக்கால் அளவு. டம்ளர் தான், கிண்ணம் இல்ல, கிண்ணத்துல ஊத்தினா ரெண்டு எலும்பு கூட கேப்பாங்க.

சைவ வீடுன்னா ராத்திரி மிஞ்சின ரசத்தை பிரிட்ஜ்ல இருந்து எடுத்து சூடு பண்ணி அதே டம்ளர்ல குடுத்துடலாம். வெயில் அடிச்சா பானகம், வெல்லம் கரைச்ச தண்ணி, எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், வேலையே இல்ல. நீர்மோரை மட்டும் எண்ணெய் குளிச்ச அன்னைக்கு பெரியவங்க வேண்டாம்பாங்க, அவங்ககிட்ட வாதாட வேண்டாம். மெல்லுறதுக்கு ஏதாவது வேணும்னு நிக்கிற பசங்களுக்கு வெள்ளரிக்காயை நீளமா நறுக்கி உப்பு மிளகாத்தூள் தூவி ஒரு தட்டு வைங்க, மாங்கா வண்டியில விக்கிற மாதிரி, அதுல ஒரு மயக்கம் இருக்கு அவங்களுக்கு, காலி பண்ணிடுவாங்க. பன்னெண்டேகாலுக்கு மேல தண்ணியைத் தவிர எதுவும் குடுக்காதீங்க.

இதே கணக்கு கிறிஸ்துமஸுக்கும் சரியா வரும், நேரம் மட்டும் மாறும். அங்க நடுராத்திரி ஆராதனை முடிஞ்சு ஒன்றரை ரெண்டு மணிக்கு பனியில நடுங்கிக்கிட்டு வருவாங்க, அப்ப யாரும் கேக்கை வெட்ட விடாதீங்க. பிளாஸ்குல போட்டு வச்ச சுக்குக் காபியும் ஆளுக்கு ஒரு பன்னும் குடுத்து படுக்க அனுப்பிடுங்க. காலைல எழுந்து வர்றதே எட்டு மணி ஆகிடும், அப்ப ஆளுக்கு ரெண்டு ஆப்பம், மேல கொஞ்சமா தேங்காய்ப்பால், அதோட மத்தியான பிரியாணிக்கு தான்.

கடைசியா ஒண்ணு, காலைல மிஞ்சின இட்லியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஆறினதும் மூடி பிரிட்ஜ்ல வச்சா ராத்திரி எட்டு மணிக்கு பட்டாசு முடிஞ்சு வர்றவங்களுக்கு உதுத்து, கடுகு வெங்காயம் பச்சமிளகாய் தாளிச்சு இட்லி உப்புமா பண்ணிடலாம். அன்னைக்கு ராத்திரி வீட்ல யாருக்கும் புதுசா ஒண்ணு சமைக்க தெம்பு இருக்காது, கேக்கவும் மாட்டாங்க.